பாலாறு, பாழாறு: வேலூர்ச் சீமையின் ஊர்ப்பேர்ச் சிலேடைகள்

ஒடுகத்தூர் என்ற பேரைக் கூறுபோட்டால் முதலில் கிடைப்பது 'ஒடு'. அதைக் கொஞ்சம் நீட்டினால் 'ஓடு'. அடுத்தது 'கத்து'. மிச்சம் 'ஊர்'. ஓடு, கத்து, ஊர். வெள்ளிக்கிழமை காலையில் அங்கே கூடும் ஆட்டுச்சந்தையைப் பார்த்தவருக்கு இந்தப் பிரிப்புக்கு உரை வேண்டாம். ஓடுகிற ஆடு, கத்துகிற ஆடு, இரண்டுக்கும் நடுவே நின்று விலை பேசும் ஊர். ஜவ்வாது மலையடிவாரத்தில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் இருக்கும் சின்னப் பேரூராட்சி இது. உத்திரகாவேரி ஆறு இந்தப் பக்கமாக இறங்கித்தான் பாலாற்றுக்குப் போகிறது. சந்தையில் விலைபோகும் ஆட்டின் கறி ஒரு பக்கம் போனால், தோல் ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இன்னொரு பக்கம் போகும்.

ஒடுவை ஓடு ஆக்குவது அத்துமீறல் என்று யாராவது சொல்லலாம். பழைய ஏட்டுச்சுவடிகளை நினைத்துக்கொண்டால் அப்படிச் சொல்லத் தோன்றாது. குற்றெழுத்து எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. ஆனால் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளியை விட்டுவிட்டு எழுதியவர்கள்தான் அதிகம். ஒடுவா ஓடுவா என்பதைப் படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுத்தைத் திருத்தி நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்த பிறகே இந்தக் குழப்பம் தீர்ந்தது. அதுவரை தமிழின் எழுத்து முறையே இரட்டைப் பொருளுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதே பேரை வேறு விதமாகக் கேட்கும் காதும் உண்டு. சித்தர்கள் அடங்கிய இடத்துக்கு 'ஒடுக்கம்' என்று பேர். இந்த ஊரின் பேரைத் தாங்கிய ஒடுக்கத்தூர் சுவாமிகளின் மடம் பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிறது. பக்தர் காதுக்கு அந்தப் பேரில் ஒடுங்குதல் கேட்கிறது. சந்தைக்காரர் காதுக்கு ஓட்டமும் கத்தலும் கேட்கின்றன. ஒரே பேர் அசைவின்மைக்கும் அமளிக்கும் இடம் கொடுக்கிறது. இது நகைச்சுவை என்பதற்காகத் தள்ளிவிட்டுப் போகக்கூடிய விஷயம் இல்லை என்பதே என் கட்சி. ஊர்ப்பேரை வைத்து விளையாடும் சொல்விளையாட்டு, காவியச் சிலேடைக்கு எந்த விதத்திலும் குறைந்த சரக்கில்லை. அதில் வட்டாரத்தின் மொழி இருக்கிறது, நம்பிக்கை இருக்கிறது, இழப்பின் கணக்கும் இருக்கிறது. அதை ஆய்வாளர்கள் கையில் எடுக்க வேண்டும்.

இந்த வகைப் பேச்சுக்கு நாம் வைத்த பேர்கள் எல்லாமே வலி தருபவை: அறுவை, பிளேடு, கடி, இப்போது மொக்கை. ஆங்கிலேயர்கள் அதையே அப்பா தலையில் கட்டி 'டாட் ஜோக்' என்கிறார்கள். 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அந்தச் சொல்லுக்கு இடம் கொடுத்தது. இங்கிலாந்தில் இதற்குத் தீனி போடுவதே ஊர்ப்பேர்கள்தான். கென்ட் மாவட்டத்தில் சாண்ட்விச் என்று ஒரு பழைய துறைமுக ஊர். அதற்குப் பக்கத்தில் ஹாம் என்று ஒரு குக்கிராமம். ஹாம் என்றால் உப்பிட்ட பன்றிக்கறி. இரண்டு ஊருக்கும் வழிகாட்டும் கைகாட்டி மரத்தில் 'ஹாம்' மேலும் 'சாண்ட்விச்' கீழுமாக எழுதியிருப்பதைப் படம் எடுக்க ஆட்கள் வண்டியை நிறுத்துகிறார்கள்.

நம் தோல் சீமைக்காரருக்கு அதைவிட நெருக்கமான ஊர் லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில் இருக்கிறது: லெதர்ஹெட். காதில் விழும்போது 'தோல் தலை'. ஆனால் தோலுக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தமே இல்லை. 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னரின் உயிலில் அது 'லெயோட்ரிடன்' என்ற வடிவத்தில் வருகிறது. பழைய பிரித்தானிய மொழியில் 'சாம்பல் நிற ஆற்றுத்துறை' என்பது ஒரு கருத்து. மக்கள் குதிரையில் ஆற்றைக் கடந்த துறை என்பது இன்னொரு கருத்து. எப்படிப் பார்த்தாலும் ஆறுதான், தோல் இல்லை. இங்கே நிலைமை தலைகீழ். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை: ஊரெல்லாம் தோல், ஒரு பேரிலும் தோல் இல்லை.

சிலேடையை நம் இலக்கணம் மிகவும் மதித்தது. தண்டியலங்காரம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லைப் பிளக்காமல் அப்படியே வைத்து இரு பொருள் கொள்வது செம்மொழிச் சிலேடை. சொல்லை வேறு வேறு இடத்தில் வெட்டிப் பொருள் கொள்வது பிரிமொழிச் சிலேடை. ஒடுகத்தூரை ஓடு, கத்து, ஊர் என்று வெட்டியது இரண்டாவது வகை. முதல் வகைக்கு உதாரணம் தேடி வெகு தூரம் போக வேண்டாம். தமிழ் ஊர்ப்பேர்களின் வாலே அதற்காகச் செய்ததுபோல் இருக்கும். 'பாடி' என்றால் குடியிருப்பு. பாட்டுப் பாடி என்றும் ஆகும். 'பட்டு' என்றால் ஊர். உடுத்தும் பட்டும் அதுதான், துன்பப்பட்டு என்பதும் அதுதான். 'குடி' என்றால் குடும்பம், ஊர், குடிமகன், கடைசியில் கள்ளும் சாராயமும். காட்பாடியில் ரயில் ஏறும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, ஆங்கிலம் கற்ற முதல் வருடத்திலேயே 'காட்' என்றால் கடவுள், 'பாடி' என்றால் உடம்பு என்று கண்டுபிடித்துவிடும். தண்டி ஆசிரியர் உயிரோடு இருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தட்டிக் கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

குடியாத்தம் பழைய வழக்கில் குடியேற்றம். 1954இல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற காமராஜர் சட்டமன்றத்துக்குள் வர இந்தத் தொகுதியின் இடைத்தேர்தலில்தான் நின்று ஜெயித்தார். விருதுநகர்க்காரர் வட ஆற்காட்டில் போட்டியிட்ட அந்தத் தேர்தலுக்குக் குடியேற்றம் என்ற பேரைவிடப் பொருத்தமான பேர் அமையாது. மேல்விஷாரமும் கீழ்விஷாரமும் ஆற்காட்டுக்குப் பக்கத்து ஊர்கள். 'விசாரம்' என்றால் கவலை என்று அறிந்த தமிழருக்கு, அங்கே மேலே ஒரு கவலை, கீழே ஒரு கவலை.

பள்ளிகொண்டாவுக்கு மட்டும் கொஞ்சம் நின்று போக வேண்டும். பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் பள்ளிகொண்டதால் வந்த பேர். இப்போது சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது சுங்கச்சாவடியின் பேராகவே பழகிவிட்டது. பள்ளி என்ற சொல்லின் வயது பெரிது. படுக்கும் இடம் பள்ளி. சமண முனிவர்கள் கல்லில் படுக்கை வெட்டித் தங்கிய இடமும் பள்ளி. அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததால் பள்ளிக்கூடமும் பள்ளி ஆனது என்று அறிஞர்கள் சொல்வார்கள். முஸ்லிம்கள் தொழும் இடமும் தமிழில் பள்ளிவாசல். இந்த வட்டாரத்தில் நான்கும் உண்டு: பள்ளிகொண்ட பெருமாள், வள்ளிமலையிலும் ஆர்மாமலையிலும் சமணர் தடம், தெருவுக்குத் தெரு பள்ளிவாசல், எல்லாப் பிள்ளைகளும் போகும் பள்ளிக்கூடம். பேருந்தில் யாரோ "பள்ளி கொண்டா" என்று பிரித்துச் சொல்லிச் சிரிக்கும்போது அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று மதத்தார் வரலாறு உருண்டு வருகிறது. சிரிப்பவருக்கு அது தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆய்வாளருக்குத் தெரிய வேண்டும்.

வேலூரிலிருந்து ஒடுகத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் ஒரு தகப்பனும் மகளும் பேசிக்கொண்டு வந்தது இது:

"இது இன்னா ஊருப்பா?"

"அணைக்கட்டு."

"எத்த அணைக்கட்டும்?"

"மொதல்ல ஒன்ன அணைச்சிக்கிறேன். வூட்டுக்குப் போய் லைட்ட அணைச்சிக்கலாம்."

"போப்பா, ஒரே மொக்க."

அந்தப் பெண்ணுக்கு ஏழெட்டு வயது இருக்கலாம். கேள்வியை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அணை என்ற சொல்லில் ஆற்றைத் தடுக்கும் கட்டு, தழுவுதல், விளக்கை நிறுத்துதல் என்று மூன்று இருக்கின்றன. மூன்றும் நான்கு வரியில் அவள் கைக்குப் போய்விட்டன. எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு வேகமாக ஒரு சொல்லைக் கற்பிப்பதை நான் பார்த்ததில்லை. மொக்கை என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஊர் எப்போது வரும் என்று அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

இந்த விளையாட்டைக் கோயிலும் விளையாடியிருக்கிறது. வாணியம்பாடித் தலக்கதை என்ன சொல்கிறது? பிரமனின் சாபத்தால் பேச்சிழந்த வாணி, இங்கே அதிதீஸ்வரரை வழிபட்டுக் குரல் திரும்பப் பெற்றுப் பாடினாள், அதனால் வாணியம்பாடி. வாணியம் என்றால் வணிகம், பாடி என்றால் குடியிருப்பு என்று மொழி ஆய்வாளர் எளிமையாகச் சொல்லிவிடுவார். தலபுராணக்காரரோ 'வாணி' என்பதில் ஒரு தேவியைக் கண்டார், 'பாடி' என்பதில் ஒரு பாட்டைக் கேட்டார். ஆற்காட்டுக்கும் இதே கதைதான். ஆர் என்றால் ஆத்தி மரம், ஆத்திக்காடு என்று ஒரு விளக்கம். ஆறு காடு என்று பிரித்து, பாலாற்றின் இரு கரையிலும் ஆறு முனிவர்கள் தவம் செய்த ஆறு வனங்கள், ஆறு சிவாலயங்கள் என்று சொல்லும் ஷடாரண்யக் கதை இன்னொன்று. அந்த ஆறு கோயில்களும் உண்மையிலேயே இருக்கின்றன, மக்கள் ஒரே நாளில் ஆறையும் சுற்றி வருகிறார்கள். சொல்லை வெட்டியதில் பிறந்த கதை, வழிபாட்டுக்கு ஒரு பாதையைப் போட்டுக் கொடுத்துவிட்டது. தவறான சொற்பிறப்பு என்று இதை ஒதுக்கும் ஆய்வு எனக்குப் போதவில்லை. சொற்பிறப்பாகத் தவறு, ஊர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதற்குச் சான்றாக அது சரி.

காளமேகத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 15ஆம் நூற்றாண்டுப் புலவர். நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் சாப்பாட்டுக்குக் காத்துக் காத்துச் சலித்து, அங்கே பொழுது சாய்ந்துதான் அரிசி வரும், இலையில் சோறு விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும் என்ற பொருளில் ஒரு வெண்பா பாடினார் என்பது கதை. சத்திரக்காரர் வந்து வருந்தியதும், அதே வெண்பாவுக்கு வேறு பொருள் சொன்னாராம்: நாடெங்கும் அரிசி அற்றுப்போகும் பஞ்சத்திலும் இங்கே அரிசி வரும், இலையில் விழும் சோற்றின் வெண்மைக்கு முன்னால் வெள்ளியும் நாணும். ஒரு எழுத்தும் மாறவில்லை. வசை வாழ்த்தானது. ஊர்க்கேலியின் உயிரே இதுதான்: கேலி செய்கிறவன் அந்த ஊரை விட்டுப் போகிறவன் இல்லை. நாளைக்கும் அங்கேதான் சாப்பிட வேண்டும்.

வேலூர்ச் சீமை இந்தக் கலைக்கு ஒரு பெரிய ஆசிரியரையே தந்திருக்கிறது. காட்பாடிக்குப் பக்கத்துக் காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்தவர் கிருபானந்த வாரியார். 1993இல் லண்டன் பயணம் முடித்துத் திரும்பும் வழியில், விமானத்திலேயே உயிர் பிரிந்தது. அவர் கதாகாலட்சேபத்தின் வெற்றிக்குப் பாதிக் காரணம் புராண அறிவு என்றால் மறு பாதி சொல்விளையாட்டு. அனுமனைச் 'சொல்லின் செல்வன்' என்பது மரபு. ஒரு சொற்பொழிவில் கூட்டத்தில் சிலர் பாதியில் எழுந்து போனபோது, இவர்களும் 'சொல்லின் செல்வர்' என்று வாரியார் சொன்னதாக இன்றும் மேடைகளில் எடுத்துச் சொல்வார்கள். சொற்களின் செல்வத்தை உடையவர் என்பது ஒரு பொருள். சொல்லத் தொடங்கினால் போய்விடுவார் என்பது இன்னொரு பொருள். எங்கும் வெட்டில்லை, ஒட்டில்லை. சுத்தமான செம்மொழிச் சிலேடை. எழுந்து போனவர்களைப் புண்படுத்தாமல், உட்கார்ந்திருந்தவர்களைச் சிரிக்க வைத்து, அனுமனின் பெருமையையும் விடாமல் மூன்று வேலையை ஒரு தொடர் செய்தது.

அதே 'சொல்லின் செல்வர்' பட்டத்தைத் தருமபுரம் ஆதீனம் ஒருவருக்குக் கொடுத்தது. அவர் ரா.பி. சேதுப்பிள்ளை. தமிழ் ஊர்ப்பேர் ஆய்வுக்கு அடித்தளம் போட்ட 'தமிழகம் ஊரும் பேரும்' 1946இல் வந்த அவருடைய நூல். மரத்தால், மலையால், ஆற்றால், அரசரால், தெய்வத்தால் பேர் பெற்ற ஊர்களை அதில் அவர் வகைப்படுத்திக் காட்டினார். அது நமக்குப் பெரிய கொடை. அவருக்குப் பின் வந்தவர்கள் கல்வெட்டையும் செப்பேட்டையும் கொண்டு அந்தப் பணியை வளர்த்தார்கள். ஆனால் பேரை வைத்து ஊர் செய்யும் கேலியை எவரும் அதே கவனத்தோடு தொகுத்ததாக நான் பார்க்கவில்லை. பழமொழி தொகுத்தோம், விடுகதை தொகுத்தோம், தாலாட்டும் ஒப்பாரியும் தொகுத்தோம். பேருந்துச் சிரிப்பு மட்டும் வெளியே நிற்கிறது. எழுத்துலகில் இந்தக் கலைக்கு மரியாதை வாங்கித் தந்தவர் 'கலைமகள்' ஆசிரியர் கி.வா. ஜகந்நாதன். வழியில் நின்றுபோன காரை எல்லாரும் இறங்கித் தள்ளியபோது, தான் 'தள்ளாதவன்' என்று அவர் சொன்ன கதை ஊரறிந்தது. அவருடைய சிலேடைகள் புத்தகமாகவே வந்தன. பேர் தெரியாத கண்டக்டரின் சிலேடைக்கும் அந்த நியாயம் கிடைக்க வேண்டும்.

வேலூரைப் பற்றி ஊரே சொல்லிக்கொள்ளும் ஒரு 'இல்லை'ப் பட்டியல் இருக்கிறது. அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அதிகாரம் இல்லாத போலீஸ். வெளியூர்க்காரர் இதைச் சொன்னால் முறைப்பார்கள். தாங்களே சொல்லும்போது விரல் விட்டு எண்ணுவார்கள். ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஆவணம்.

கோட்டை 16ஆம் நூற்றாண்டில் சின்ன பொம்மு நாயக்கர் காலத்தில் எழுந்தது. பீஜப்பூர்க்காரர், மராட்டியர், மொகலாயர், ஆங்கிலேயர் என்று கைமாறியது. கடைசியில் இதற்குள் இருந்த அரசர்கள் எல்லாம் கைதிகள். திப்பு சுல்தானின் குடும்பத்தை இங்கேதான் வைத்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியில் அவர்கள் பேர் அடிபட்டது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு இங்கே கொண்டுவரப்பட்டு, 1832இல் இறந்தார். பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் அவர் சமாதி. அரசன் இல்லாத கோட்டை என்ற வரிக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

சாமி இல்லாத கோயில் ஜலகண்டேஸ்வரர் கோயில். போர்க்காலத்தில் மூலவரை அப்புறப்படுத்தியபின் கருவறை நூற்றாண்டுகளாக வெறுமையாகவே இருந்தது. கோயில் ஆயுதக் கிடங்காகவும் பயன்பட்டது. கல்யாண மண்டபத்தின் யாளித் தூண்களைப் பார்க்க உலகமே வந்தது, கும்பிட ஒன்றும் இல்லை. 1981 மார்ச் 16ஆம் தேதி சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். அன்றோடு பட்டியலில் ஒரு வரி பொய்யானது. ஆனாலும் மக்கள் அதை நீக்கவில்லை. நாற்பது ஆண்டு கழித்தும் சொல்கிறார்கள். நிலைமை மாறிய பின்னும் கேலி நிலைத்துவிட்டால், அது நினைவுச்சின்னம் ஆகிவிடும். அதிகாரம் இல்லாத போலீசுக்கு வட்டாரத்தார் தரும் விளக்கம் எளியது: கோட்டைக்குள் இருந்தது காவலர் பயிற்சிப் பள்ளி, உடுப்பு இருக்கும், பயிற்சி முடியும்வரை யாரையும் பிடிக்க முடியாது.

இந்தப் பட்டியலில் பெண்களின் அழகைப் பற்றியும் ஒரு வரியைச் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். மற்ற வரிகளுக்கெல்லாம் கோட்டையும் கோயிலும் ஆறும் சாட்சி. அந்த வரிக்கு எந்தச் சாட்சியும் இல்லை. எண்ணிக்கையை நிரப்ப ஆண்கள் ஒட்டியது. அதை விட்டுவிட்டுச் சொல்லும் தலைமுறை வந்துகொண்டிருக்கிறது, அது நல்லது.

மிச்சம் இருப்பது தண்ணீர் இல்லாத ஆறு. பாலாற்றுக்கு எத்தனையோ பேர் எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். ஒரே எழுத்து மாற்றி யாரோ சொன்ன 'பாழாறு' அத்தனைக்கும் மேலே நிற்கிறது. லகரம் ழகரம் ஆனது, பால் பாழ் ஆனது. வட ஆற்காட்டுப் பேச்சில் ழகரம் பலர் வாயில் நிற்காது. பழம் 'பயம்' ஆகும், 'பளம்' ஆகும். ஆகவே இந்தச் சிலேடை பேச்சைவிட எழுத்தில் கூர்மையாகிறது: சுவரொட்டியில், நாளிதழ்த் தலைப்பில், போராட்டப் பதாகையில். கண்ணால் படிக்க வேண்டிய சிலேடை இது.

அதற்குப் பின்னால் உள்ள கணக்கு நீளமானது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடலில் கலக்கும் ஆறு இது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். நீர்ப் பங்கீட்டுக்காக 1892இல் சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. மேலே தடுப்பணைகள் எழுந்தன, கீழே மணல் போனது. தோலும் இதில் வருகிறது. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுக் குழியில் ஊறவைத்துத் தோல் பதனிட்டார்கள். 1970களில் ஏற்றுமதிக் கொள்கை மாறி, பாதி பதனிட்ட தோலைவிட முடித்த தோலுக்கு ஆதரவு கிடைத்ததும் குரோமியம் முறை பரவியது. வேலை வேகமானது, கழிவு கொடியதானது. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதற்கு அந்தத் தீர்ப்பு பெரிய காரணம். இன்று நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடியும் விரிவாகத் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. இரண்டு தீர்ப்புக்கும் நடுவே ஒரு தலைமுறை கிணற்றில் உப்பைக் குடித்து வளர்ந்தது. நூற்றுக்கணக்கான பக்கத்தில் நீதிமன்றம் எழுதியதை ஊர் ஒரு எழுத்தில் எழுதியிருந்தது.

ஆறும் சில சமயம் பதில் சொல்லும். 1903 நவம்பரில் வந்த வெள்ளம் வாணியம்பாடியில் பல உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கு நினைவுத்தூண் இருக்கிறது. 2021 நவம்பரில் மறுபடியும் இரு கரை தொட்டு ஓடியது. பாலத்தில் குடும்பம் குடும்பமாக நின்று பார்த்தார்கள். தண்ணீர் இல்லாத ஆறு என்று சிரித்த வாயெல்லாம் அன்று கைகூப்பியது.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்குச் சரிசெய்து ஆணை வெளியிட்டது. வேலூருக்கு வந்த புது எழுத்துக்கூட்டலை ஆங்கிலம் படித்தவர் படித்தால் 'வீலூர்' என்று வரும். சக்கர ஊர் என்று இளைஞர்கள் உடனே பேர் வைத்துவிட்டார்கள். சில நாளிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. தமிழ் ஒலியைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு எனக்கு முழு உடன்பாடு. அதை எப்படி எழுதினால் எந்தக் காதில் எப்படி விழும் என்பதை முதலில் ஊர் வாயில் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். சிலேடை சொல்லும் வாய்தான் ஒலிக்கு நல்ல பரிசோதனைக்கூடம்.

தோல் தொழிலுக்குள்ளும் இந்த வளம் உண்டு. முடித்த தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். அடி என்பது அளவு. அடி என்பது பாதம். அடி என்பது கீழ். அடி என்பது உதை. அடிக்கணக்கில் விலைபேசி வாங்கிய தோல் கடைசியில் அடிக்குக் கீழே போகிறது. சந்தை சரிந்த வருடத்தில் வியாபாரிக்கு 'அடி' என்றால் கடைசிப் பொருள்தான். தோல் என்ற சொல்லோடு 'வி' சேர்ந்தால் தோல்வி; ஏற்றுமதி ஆர்டர் ரத்தான வாரத்தில் இதைச் சொல்லாத மண்டி இருக்காது.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் காலை ஷிப்டுக்குப் போகும் பெண்களிடம் என்ன வேலை என்று கேட்டால் பலர் 'அப்பர்' தைக்கிறோம் என்பார்கள். காலணியின் மேல்பாகத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள பேர் அப்படியே தமிழில் நுழைந்து நிலைத்துவிட்டது. தமிழில் ஏற்கெனவே ஒரு அப்பர் இருக்கிறார். 7ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசரைச் சிறுபிள்ளையான சம்பந்தர் 'அப்பரே' என்று அழைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அப்பர் என்றால் தந்தையார். தந்தையின் பேரில் ஆங்கிலேயர் நகைச்சுவைக்கு வைத்த பேரும், நாயன்மார் ஒருவருக்குக் குழந்தை வைத்த பேரும், ஆம்பூரில் தையல் மெஷினுக்கடியில் ஓடும் தோல் துண்டும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன. உழவாரப்படை ஏந்திக் கோயில் முற்றத்தில் புல் செதுக்கியவர் நாவுக்கரசர். கைவேலை செய்கிறவர்களின் பேச்சில் தம் பேர் புழங்குவதை அவர் குறையாக எண்ணியிருக்க மாட்டார்.

இந்தச் சீமையின் பேச்சு ஒரு மொழியில் நடப்பதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் ஒரே வீட்டு வாசலில் தமிழும் உருதும் கலந்து வரும். மேற்கே போனால் தெலுங்கு சேரும். உருதில் 'தோல்' என்றால் எடைபோடு. தமிழ்க் காதுக்குப் பொருளாக விழும் ஒலி, உருதுக் காதுக்குக் கட்டளையாக விழுகிறது. பச்சைத்தோல் மண்டியில் தராசுப் பக்கத்தில் இதைச் சொன்னால் இரண்டு மொழியும் அறிந்தவர் மட்டும் சிரிப்பார். அந்த ஊர்களில் இரண்டும் அறிந்தவர்தான் அதிகம்.

இவற்றைத் தொகுக்க நினைக்கும் ஆய்வு மாணவருக்கு எங்கே தொடங்குவது என்ற சந்தேகம் வேண்டாம். ஆவாரம்பட்டைக் குழியில் வேலை செய்த தலைமுறைக்கு இப்போது முதுமை. குழியின் பேர், பட்டையின் தரத்துக்குப் பேர், தோலில் இருக்கும் ஓட்டைக்கும் உண்ணி கடித்த தழும்புக்கும் பேர், அவற்றை வைத்து அவர்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்ட பேச்சு: இவை அவர்களிடம்தான் இருக்கின்றன. அடுத்தது சென்னைப் பெரியமேட்டுக்கும் ஆம்பூருக்கும் நடையாக நடந்த தோல் தரகர்கள். மூன்றாவது, மாதனூர் ஒடுகத்தூர் சாலையில் ஓடும் பேருந்துகளின் கண்டக்டர்கள். ஒலிப்பதிவுக் கருவி போதும். ஊரையும் நாளையும், சொன்னவர் எந்த மொழி பேசும் வீட்டிலிருந்து வந்தவர் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். சிரித்தது யார், சிரிக்காதது யார் என்பதையும்.